சாயத்தண்ணி குடிக்காத தம்பி

கொழும்பு மட்டக்குளியில் அந்த வீட்டுக்கு நாங்கள் முதன்முதலில் போன நாள் நல்ல மழை. ஷூவைக் கழற்றி வாசலோரம் வைத்துவிட்டு உள்ளே நுழைந்ததும் பாட்டி எங்கள் ஈரச் சட்டையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அடுப்பைப் பற்ற வைத்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் முன்னால் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். பால் விடாத தேநீர், மாதுளம் முத்து நிறத்தில். பக்கத்தில் சின்னத் தட்டில் சீனி.

"பால்மா முடிஞ்சிருச்சு தம்பி. சாயத்தண்ணிதான். சூடா குடிங்க."

"மன்னிச்சுக்கங்க பாட்டி, நாங்க டீ குடிக்கிறதில்லை" என்றேன்.

பாட்டி டம்ளரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, எங்க வீட்டுல குடிக்க மாட்டீங்களா?"

என்னோடு வந்திருந்த அமெரிக்கப் பையனுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்தவனுக்குப் புரியாமல் இருக்குமா? ஒரு வீட்டில் கொடுப்பதை வாங்கிக் குடிப்பதும் குடிக்காமல் எழுந்து வருவதும் எங்கள் பக்கம் வெறும் தாகம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. டீக்கடைகளில் தனி டம்ளர் இருந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்த ஒரு மனுஷி, இந்தியாவிலிருந்து வெள்ளைச் சட்டையும் டையுமாக வந்த ஒருவன் தன் வீட்டுத் தேத்தண்ணியைத் தொட மாட்டேன் என்கிறான் என்றால் அதை வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? எனக்கு உடம்பே கூசிப்போனது.

"ஐயோ, அப்படி இல்லை பாட்டி. எங்க சபையில யாருமே டீ, காபி குடிக்க மாட்டோம். தண்ணி குடுங்க, குடிக்கிறேன்" என்று மூலையில் இருந்த பானையைக் கை காட்டினேன். ஒரு செம்பு மொண்டு கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்தேன். இன்னொரு செம்பு கேட்டு வாங்கி அதையும் குடித்தேன். கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று எங்களுக்கு அறிவுரை உண்டு. அன்றைக்கு அது நினைவுக்கே வரவில்லை.

எங்களை அங்கே அழைத்துப் போனது அவருடைய மருமகள். எங்கள் சபைக்குக் கொஞ்ச நாளாக வந்துகொண்டிருந்த அக்கா. அவர்தான் நிலைமையைப் புரிந்துகொண்டு, "மாமி, இவங்களுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடுப்போம்" என்றார். வறுத்த கொத்தமல்லியோடு ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். தடிமன், காய்ச்சல் என்றால் இலங்கையில் எல்லா வீட்டிலும் முதலில் கொடுப்பது அதுதான். பாட்டி அந்த டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த ஒன்றரை வருடத்தில் அந்த வீட்டில் நான் எத்தனை டம்ளர் கொத்தமல்லித் தண்ணீர் குடித்திருப்பேன் என்று கணக்கில்லை.

இதைப் படிப்பவர்களில் பலருக்கு நான் யார், அங்கே எதற்குப் போனேன் என்பது தெரிந்திருக்காது. நான் மார்மன். ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சபையின் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. முழுப் பெயரையே சொல்லுங்கள் என்று 2018 அக்டோபரில் எங்கள் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். சபை தொடங்கியது 1830 ஏப்ரல் 6, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில். தேநீரும் காபியும் மதுவும் புகையிலையும் வேண்டாம் என்ற எங்கள் கட்டளைக்கு ஞான வார்த்தை என்று பெயர். 1833-இல் ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்த வெளிப்பாடு அது. அதில் தேநீர் என்ற சொல் இருக்காது, 'சூடான பானங்கள்' என்றுதான் இருக்கும். அது தேநீரையும் காபியையும் குறிக்கிறது என்று ஆரம்பத்திலிருந்தே சபையில் பொருள் கொண்டிருக்கிறார்கள். கொத்தமல்லிக்குத் தடையில்லை.

கோயம்புத்தூர்க்காரனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதவர்கள் குறைவு. எங்கள் ஊரில் பால் திருத்துவதாஸ் என்ற மனிதர் இந்தச் சபையின் துண்டுப் பிரசுரம் ஒன்றைத் தற்செயலாகப் பார்த்துக் கடிதம் எழுதி, வருடக்கணக்கில் காத்திருந்து, 1965-இல் ஞானஸ்நானம் பெற்றார். கோவையில் சபை வேர் விட்டதற்கு அவர் முக்கியமான காரணம். என் அம்மா சேர்ந்தது நான் சின்னப் பையனாக இருந்தபோது. அப்பா சேரவில்லை, தடுக்கவும் இல்லை. என் அமுச்சி, அம்மாவின் அம்மா, கடைசி வரை மருதமலை முருகனை விட்டு அசையவில்லை. எங்கள் வீட்டில் மூன்று பேரும் மூன்று விதமாகக் கும்பிட்டு ஒரே சட்டியில் சாப்பிட்டோம்.

எங்கள் சபையில் இளைஞர்கள் 18 வயதுக்கு மேல் இரண்டு வருடம் மிஷனரியாகப் போவது வழக்கம். சம்பளம் கிடையாது. செலவுக்கு நாமும் குடும்பமும் பணம் சேர்க்க வேண்டும். எங்கே போவது என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. விண்ணப்பித்த பிறகு கடிதம் வரும். எனக்கு வந்த கடிதத்தில் கொழும்பு என்று இருந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம், பக்கத்திலேயே தமிழ் பேசும் ஊர் என்று. அமுச்சி மட்டும், "சிலோனுக்கா? அங்க போனவங்க எங்க சாமி திரும்பி வந்தாங்க?" என்றார். அவருடைய சின்ன வயதில் பக்கத்து ஊர்க் குடும்பங்கள் தேயிலைக்குப் போன கதையைச் சொல்கிறார் என்று சிரித்துவிட்டு வந்தேன். 2016 பிப்ரவரியில் கிளம்பினேன். எனக்கு 19 வயது.

வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள் எங்கள் அறை. காலை 6.30-க்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், பாணும் சம்பலும். 8 மணிக்குத் தனியாக வேத வாசிப்பு, 9 மணிக்குத் துணையோடு சேர்ந்து. அப்புறம் சிங்களம். 'ஃப', 'ப' உச்சரிப்பில் தடுமாறி, வட்ட வட்டமான எழுத்துகளைச் சிறு பிள்ளை மாதிரி கொப்பியில் எழுதிப் பழகினேன். பிறகு வெளியே கிளம்பினால் இரவு 9 மணிக்குத் திரும்பி, 10.30-க்கு விளக்கை அணைக்க வேண்டும். எப்போதும் இரண்டு பேர். தனியாக எங்கும் போகக் கூடாது. இயேசு தம் சீஷர்களை இருவர் இருவராக அனுப்பினார் என்று மாற்கு 6-இல் வருகிறதே, அந்த வழிதான். சட்டைப் பையில் கறுப்பு பேட்ஜ், அதில் பெயருக்கு முன்னால் எல்டர், அதாவது மூப்பர். மீசை அரும்பிய பையனை மூப்பர் என்று அழைப்பது ஒரு பாரம்தான். அந்தப் பெயருக்குத் தகுந்த மாதிரி நடக்க வேண்டும் என்ற பயம் நாள் முழுக்க இருக்கும்.

வீட்டோடு தொடர்பு என்பது திங்கட்கிழமை மின்னஞ்சல். போன் வருடத்துக்கு இரண்டு முறை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். நான் திரும்பிய மறுவருடம், 2019 பிப்ரவரியில், வாரந்தோறும் வீட்டுக்குப் பேசலாம் என்று மாற்றினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது இப்போது போகிற பிள்ளைகளுக்காக உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

தமிழ் தெரியும் என்ற தைரியத்தில் போனவன் நான். வெள்ளவத்தையில் ஒரு யாழ்ப்பாணத்து ஐயாவிடம், "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று ஆரம்பித்தேன். அவர் முகம் மாறிவிட்டது. "என்ன தம்பி, என்னைப் பேசுறதுக்கு நான் என்ன பிழை செய்தனான்?" என்றார். அங்கே பேசுவது என்றால் ஏசுவது. நாம் பேசுவது என்று சொல்வதை அவர்கள் கதைப்பது என்பார்கள். ஐயா விளக்கிச் சொல்லிவிட்டு, "இருங்கோ, கதைப்பம்" என்றார். அன்றைக்கு அவர் ஒன்றரை மணி நேரம் கதைத்தார், நான் கேட்டேன். வாழ்க்கையில் அப்படி ஒருவர் கதைப்பதைக் குறுக்கிடாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தச் சொல் மனதில் தங்கிவிட்டது. நான் உண்மையில் பேசத்தான் வந்திருந்தேன். என்னிடம் ஒரு செய்தி இருக்கிறது, அதைச் சொல்லி முடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். ஒவ்வொரு வாரமும் எத்தனை பாடம் நடத்தினோம், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள் என்ற எண்ணிக்கையைக் கட்டங்களில் குறித்து ஞாயிறு இரவு சொல்ல வேண்டும். யாரும் என்னைத் திட்டியதில்லை. ஆனால் நானே அந்தக் கட்டங்களை என் விசுவாசத்தின் அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். பூஜ்யம் எழுதிய இரவுகளில் முழங்காலில் நின்றால் ஜெபம் வராது. ஆண்டவரே, அடுத்த வாரம் இத்தனை பேரைத் தாரும் என்று எண் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

என் முதல் துணை ஐடஹோவில் உருளைக்கிழங்கு பயிரிடும் குடும்பத்துப் பையன். அவனுக்கும் எனக்கும் முதல் இரண்டு மாதம் ஒத்துப்போகவில்லை. அவன் காலையில் பாட்டுப் பாடிக்கொண்டே எழுவான். நான் எழுந்து அரை மணி நேரம் யாரோடும் பேசாதவன். அவனுக்குச் சோறு கையால் சாப்பிட வராது, எனக்கு அவன் மணிக்கொரு முறை பிளானரைத் திறப்பது பிடிக்காது. 24 மணி நேரமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் சின்ன விஷயம்கூட முள்ளாகக் குத்தும்.

அதை மாற்றியது 2016 மே மாத வெள்ளம். களனி ஆறு பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி எல்லாம் தண்ணீருக்குள் போனது. தண்ணீர் வடிந்த பிறகு சபை ஆட்களோடு சேர்ந்து வீடுகளைச் சுத்தம் செய்யப் போனோம். ஒரு சிங்களத் தாத்தாவின் வீட்டில் முழங்கால் அளவு சேறு. அந்தச் சேற்றின் வாடையை எழுதிக் காட்ட முடியாது. பண்ணையில் வளர்ந்த ஐடஹோப் பையனுக்கு மண்வெட்டி கையில் பூ மாதிரி. எனக்கு அரை மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அவன் ஒன்றும் சொல்லாமல் தன் கழுத்து டையைக் கழற்றி என் கையில் சுற்றிக் கட்டிவிட்டான். சாயங்காலம் அந்தத் தாத்தா சேற்றிலிருந்து எடுத்துக் கழுவிய கல்யாணப் போட்டோவை எங்களிடம் காட்டினார். படத்தில் முகங்கள் கரைந்து போயிருந்தன. எங்கள் அரைகுறைச் சிங்களத்தில் சொல்ல எங்களிடம் ஒரு வார்த்தையும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்த வாரம் கட்டங்களில் எழுத ஒன்றுமில்லை. இரவு இரண்டு பேரும் முழங்காலில் நின்றபோது ஜெபம் தானாக வந்தது.

மட்டக்குளிப் பாட்டியைப் பார்த்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து. அவர் இருந்த இடத்தைத் தோட்டம் என்பார்கள். கொழும்பில் தோட்டம் என்றால் சுவரோடு சுவர் ஒட்டிய சின்னச் சின்ன வீடுகள், நடுவில் ஓர் ஆள் போகும் சந்து, எல்லோருக்கும் பொதுவான குழாயடி. மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலை. எங்கள் ஊரில் தோட்டம் என்றால் கிணறும் தென்னையும் உள்ள நிலம். பாட்டி மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, பஞ்சம் தாங்காமல் 1974-இல் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்து, இந்தத் தோட்டத்தில் ஒதுங்கியவர். மாரியம்மன் படத்துக்குப் பக்கத்திலேயே அந்தோனியார் படமும் வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருவார். மருமகளுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கப் போகும்போதெல்லாம் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். இடையில் எப்போதாவது ஒரு கேள்வி. "உங்க சாமி பொம்பளைங்க ஜெபத்தையும் தனியாக் கேக்குமா?" கேட்கும் என்றேன். "அப்பச் சரி" என்று கீரைக்குத் திரும்பினார்.

2016 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை நெட் கஃபேயில் அம்மாவின் மின்னஞ்சலைத் திறந்தேன். அமுச்சி புதன்கிழமையே போய்விட்டார். எடுத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பக்கத்து மேசையில் ஒரு பையன் ஹெட்போன் போட்டுக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தான். நான் மின்னஞ்சலை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். அன்றைக்கு அம்மாவோடு போனில் பேச அனுமதி கிடைத்தது. அம்மா அழவில்லை. "நீ அங்கேயே இருப்பா. அமுச்சி உன்னைக் கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க" என்றார். நான் திரும்பிப் போகவில்லை. மிஷனரிகள் பலரும் அப்படித்தான் முடிவெடுப்பார்கள். அது சரியா என்று இன்றைக்கும் எனக்குள் ஒரு மூலையில் கேள்வி உண்டு.

மறுநாள் மட்டக்குளிக்குப் போனபோது நான் எதுவும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே பாட்டி, "என்னா தம்பி?" என்றார். சொன்னேன். கீரைத் தட்டை ஒதுக்கி வைத்தார். "உங்க அமுச்சி பேரு என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "என்ன வேலை பாத்தாங்க? எத்தனை புள்ளைங்க? கடைசியா என்ன கேட்டாங்க?" ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்ட பிறகு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடி, மெல்லிய குரலில் ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார்.

அமுச்சியின் பெயர் அதில் வந்தது. மருதமலை வந்தது. பேரன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான், வாய்க்கரிசி போட வரவில்லை என்பது வந்தது. தான் ஒரு நாளும் பார்த்திராத ஒரு மனுஷிக்காக, அவர் பெயரைச் சொல்லி, அவர் உறவைச் சொல்லி, அந்தச் சின்ன வீட்டில் அவர் அழுதார். நான் அதுவரை அழுதிருக்கவில்லை. மிஷனரி உறுதியாக இருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் அன்றைக்கு அந்தச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். ஐடஹோப் பையன் மாற்றலாகிப் போய், அப்போது என்னோடு இருந்தது ஹைதராபாத்காரன். அவனும் தலையைக் குனிந்துகொண்டான். உயிர்த்தெழுதல் பற்றி நான் எத்தனையோ வீடுகளில் பாடம் நடத்தியிருந்தேன். ஆனால் அமுச்சியை மறுபடி பார்ப்பேன் என்று எனக்கு அடிவயிற்றிலிருந்து நம்பிக்கை பிறந்தது, எங்கள் சபையைச் சேராத ஒரு பாட்டி அவருக்காக ஒப்பாரி வைத்து முடித்த அந்த நேரத்தில்தான். இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. நடந்தது அதுதான்.

அன்றைக்குத்தான் பாட்டி தன் தங்கச்சியைப் பற்றிச் சொன்னார். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த 1948-லேயே மலையகத் தமிழர்களின் குடியுரிமை பறிபோனது. அப்புறம் 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வது என்று பிரித்தார்கள். பாட்டியின் புருஷனுக்கு இந்த ஊர் வாய்த்தது. தங்கச்சி புருஷனுக்கு இந்தியா பாஸ்போட். "கோச்சி முழுக்க ஒப்பாரிதான் தம்பி. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஏறுறவன் அழுவுறான், நிக்கிறவனும் அழுவுறான். தங்கச்சி மக ஜன்னல்ல இருந்து கைய ஆட்டுச்சு. அஞ்சு வயசு." அது 1973. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் போனவர்கள். இரண்டு மூன்று கடிதம் வந்தது. கோத்தகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் வேலை கிடைத்தது என்று ஒன்றில் இருந்தது. 83 கலவரத்தில் பெட்டி எரிந்தபோது விலாசமும் எரிந்துவிட்டது.

"கோத்தகிரி உங்க ஊருக்குக் கிட்டவா தம்பி?"

எங்கள் ஊரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் கோத்தகிரி. அங்கே இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காகவே அரசு தேயிலை போட்டதும், ஊரார் அவர்களைச் சிலோன்காரங்க என்று கூப்பிடுவதும் எனக்குத் தெரியும். சின்ன வயதில் சுற்றுலா போனபோது பஸ் ஜன்னலிலிருந்து அந்த லயங்களைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு போன் என்பதை நான் பெரிய தியாகமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் 43 வருடமாகத் தங்கச்சியைப் பார்க்காமல், இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறார்.

எங்கள் சபையில் முன்னோர் பெயர்களைத் தேடி எழுதுவதை ஓர் ஊழியமாகவே செய்வோம். அதற்கென்று தலைமுறைத் தாள் உண்டு. மறுபடி போனபோது ஒரு தாளை எடுத்துப் போய்ப் பாட்டி சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இறந்தவர்களுக்காகக் கோயிலில் ஞானஸ்நானம் செய்யும் வழக்கம் எங்களுக்கு உண்டு, அதற்குத் தம் சொந்த முன்னோர் பெயர்களைத்தான் கொண்டு போக வேண்டும். பாட்டியின் ஆட்கள் பெயர் எனக்கு உரியது இல்லை. அந்தத் தாளை நான் பாட்டிக்காக மட்டுமே எழுதினேன். அப்பா பெயர், தாத்தா பெயர், திருச்சிப் பக்கம் ஏதோ ஊர், தங்கச்சி, தங்கச்சி புருஷன், ஜன்னலில் கையாட்டிய பிள்ளை. எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. ஒவ்வொரு பெயர் மேலும் விரலை வைத்து, "இது யாரு? இது யாரு?" என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை அம்மாவுக்கு எழுதினேன். அம்மா இரண்டு தடவை கோத்தகிரிக்குப் போனார். முதல் தடவை ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை ஒரு லயத்தில், "மஸ்கெலியாவிலிருந்து வந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று விசாரித்திருக்கிறார். அந்த ஆட்கள் இன்னும் பழைய தோட்டத்துப் பெயரை வைத்துத்தான் ஒருவரை ஒருவர் அடையாளம் சொல்வார்களாம். அப்படி ஆள் மாற்றி ஆள் கேட்டு வந்து சேர்ந்தார். தங்கச்சி 2009-இல் இறந்துவிட்டார். மகள் இருக்கிறார், ஜன்னலில் கையாட்டிய பிள்ளை.

இதைப் பாட்டியிடம் சொல்ல வேண்டிய இரவு நான் தூங்கவில்லை. முழங்காலில் நின்று எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பரலோகப் பிதாவிடம் அந்தத் தாளில் இருந்த பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அமுச்சி பெயரையும் சேர்த்துச் சொன்னேன். என் ஜெபத்தில் எண்கள் போய்ப் பெயர்கள் வந்தது அன்றைக்குத்தான்.

பாட்டி கொச்சிக்கடையிலிருந்து திரும்பும் வரை காத்திருந்து சொன்னேன். இந்த முறை ஒப்பாரி வைப்பார், நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர் வைக்கவில்லை. "கொள்ளி வச்சது மகனா?" என்று கேட்டார். மகன்தான் என்றேன். "கடைசியில வயித்துக்குச் சாப்பாடு இருந்துச்சாமா?" இருந்ததாம் என்றேன். தலையை ஆட்டினார். எழுந்து போய் அரிசி களைந்து உலையில் போட்டார். தண்ணீரை நாலு முறை மாற்றி மாற்றிக் களைந்தார்.

மருமகள் அக்கா 2017-இல் ஞானஸ்நானம் பெற்றார். பாட்டி அதற்கு வந்திருந்தார், புதுச் சேலை கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் எங்கள் சபையில் சேரவில்லை. இதைப் படித்துவிட்டு நான் விசுவாசத்தில் தளர்ந்துபோனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் கொண்டு போன செய்தி உண்மை என்று போன நாளைவிட அதிகமாக இன்றைக்கு நம்புகிறேன். 1853-இலேயே எங்கள் சபையின் இரண்டு மிஷனரிகள், சான்சி வெஸ்ட், பெஞ்சமின் டூயி என்பவர்கள், சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, போகும் முயற்சியில் சிலோனில் இறங்கிப் பிரசங்கித்து, பெரிதாக யாரும் ஏற்காமல் கிளம்பிப் போனார்கள். முதலில் இதைப் படித்தபோது தோற்றுப்போனவர்கள் என்று பரிதாபப்பட்டேன். இப்போது நினைத்தால், அவர்களுக்கு அந்த ஊரில் யார் வீட்டில் தண்ணீர் கொடுத்திருப்பார்கள், அந்த வீட்டில் என்ன கதைத்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

2018 பிப்ரவரியில் விடைபெறப் போனேன். பாட்டி ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். மலையகத்திலிருந்து யாரிடமோ சொல்லி வரவழைத்த தேயிலை, அரைக் கிலோ. "நீங்க குடிக்க மாட்டீங்கன்னு தெரியும். தங்கச்சி மககிட்டக் குடுங்க." கோத்தகிரியில் தேயிலைக்கா பஞ்சம்? அது அவருக்கும் தெரியும். நான் ஒன்றும் சொல்லாமல் வாங்கி, சட்டைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது வேத புத்தகம் உட்பட எல்லாவற்றிலும் தேயிலை வாசம்.

வந்த இரண்டாவது வாரம் அம்மாவோடு கோத்தகிரிக்குப் போனேன். பாட்டியின் தங்கச்சி மகள் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுப்பில் தண்ணீர் வைத்தார். சாயம் இறங்கியதும் ஒரு டம்ளரில் ஊற்றி, சுவரில் மாட்டியிருந்த அவருடைய அம்மாவின் போட்டோவுக்குக் கீழே வைத்தார். அந்தப் படத்தில் பாட்டியின் மூக்கும் நெற்றியும் அப்படியே இருந்தன. டம்ளரில் ஆவி அடங்கும் வரை மூன்று பேரும் சும்மா நின்றோம்.

அப்புறம் அவர் எனக்கு ஒரு பலகையை இழுத்துப் போட்டு, எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டார். "பெரியம்மா எப்படி இருக்காங்க? எல்லாத்தையும் சொல்லுங்க தம்பி" என்றார். நான் மட்டக்குளிக் குழாயடியிலிருந்து ஆரம்பித்தேன்.